மருந்து ஆலையின் கடவுச்சொல் யார் கையில்?

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி நோக்கிச் செல்பவர்கள், கூனிமேட்டைக் கடந்த சில கிலோமீட்டரில் காலாப்பட்டை அடைவார்கள். இந்தச் சிறிய தொலைவுக்குள் மூன்று விதமான பொருளாதாரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். கரையோரம் மீனவர் குப்பங்கள். தெற்கே, மாநில எல்லையைத் தாண்டியதும், புதுவை மத்தியப் பல்கலைக்கழகமும் ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையும். முன்பு சாசன் என்றும் இப்போது சொலாரா என்றும் அறியப்படும் அந்த ஆலையில் உருவாகும் வலிநிவாரணி மூலப்பொருள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கிறது. 2023 நவம்பரில் அங்கு நேர்ந்த விபத்தில் தொழிலாளர்கள் பலர் காயமடைந்தபோது இப்பகுதியே பதறியது. இங்குள்ள மக்களுக்கு மருந்து ஆலை என்றால் நினைவுக்கு வருபவை ரசாயனமும் கொதிகலனும் இரவு ஷிப்டும்தான், கணினி அல்ல.

ஆனால், வளர்ந்துவரும் மருந்து நிறுவனங்கள் இன்று கணினி படித்த இளைஞர்களைத் தேடுகின்றன. 'பட்டதாரி ஐ.டி. பயிற்சியாளர்', 'ஐ.டி. நிர்வாகி', 'கணினி முறைமைச் சரிபார்ப்பாளர்' எனப் பணியின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பொறியியல், பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள். அத்தகைய அழைப்பு ஒன்று தன் மகளுக்கு வந்தபோது, கூனிமேட்டைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். அவர் உப்பளத்தில் கணக்கு எழுதுபவர். "ஐயா, கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு மருந்து கம்பெனியில் என்ன வேலை இருக்கப்போகிறது? பிரிண்டர் பழுது பார்க்கத்தானே கூப்பிடுகிறார்கள்?" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. பெரும்பாலான நிறுவன நிர்வாகங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகவல் தொழில்நுட்ப வேலை என்றவுடன் பழைய மகாபலிபுரம் சாலையும் பெங்களூரும்தான் நம் கண்முன் வருகின்றன. அங்கே மென்பொருளே விற்பனைப் பொருள். மருந்து ஆலையில் அப்படியன்று. மூலப்பொருள் உள்ளே வரும்போது எடை பதிவது முதல், கலவை எந்திரத்தின் வெப்பநிலை, ஆய்வகக் கருவியின் சோதனை முடிவு, அட்டைப்பெட்டியில் அச்சாகும் தொகுதி எண், காலாவதித் தேதி வரை ஒவ்வொன்றும் இன்று கணினியில் பதிவாகிறது. இந்தக் கணினிகளைப் பராமரிப்பதும், யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்ற அனுமதிகளை வழங்குவதும், பதிவுகளுக்குக் காப்புநகல் எடுத்து வைப்பதும் அந்தப் பட்டதாரியின் பொறுப்பு. பழுதான பிரிண்டரைச் சரிசெய்வதும் அதில் ஒரு பகுதிதான். ஆனால், முழு ஆலையின் நினைவாற்றலும் அவர் கையில் இருக்கிறது என்பதுதான் உண்மை.

மருந்துத் துறையில் இந்த நினைவாற்றலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, கெட்ட சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று அவர் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். பழைய காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கலாம். உப்பை நாவில் வைத்துப் பார்க்கலாம். மாத்திரையை என்ன செய்ய முடியும்? நோயாளிக்குத் தெரியாது, மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாது, எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. ஒரு தொகுதியில் உள்ள லட்சக்கணக்கான மாத்திரைகளையும் உடைத்துச் சோதிக்க ஆலையாலும் முடியாது. எனவே, மருந்தின் தரம் என்பது பெருமளவுக்கு அதைப் பற்றிய பதிவின் நேர்மைதான். பதிவு பொய்யானால் மாத்திரையைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது என்று பொருள்.

பதிவைப் பொய்யாக்கும் வழிகள் மருந்துத் துறைக்குப் புதியவையல்ல. ஆய்வகக் கருவியில் முதலில் 'முன்னோட்டமாக' ஒரு சோதனை நடத்துவது. முடிவு சாதகமாக இல்லையென்றால் அதை அழித்துவிட்டு மறுபடி நடத்துவது. கணினிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நேற்றைய சோதனைபோலக் காட்டுவது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று தானாகவே குறித்துவைக்கும் தணிக்கைத் தடத்தை நிறுத்திவைப்பது. ஒரே கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பயன்படுத்துவது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பல நாட்டு ஆலைகளுக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களில் இவை திரும்பத் திரும்ப இடம்பெற்றிருக்கின்றன. இவற்றுள் ஒன்றைக்கூடக் கணினியின் நிர்வாக அனுமதி இல்லாமல் முழுமையாகச் செய்ய இயலாது. அல்லது, அனுமதிகளை வகுத்தவர் கண்ணை மூடிக்கொள்ளாமல் செய்ய இயலாது.

இதை உணர்ந்துதான் அமெரிக்கா 1997-லேயே மின்னணுப் பதிவுகளுக்கும் மின்னணுக் கையொப்பங்களுக்கும் தனி விதியை நடைமுறைப்படுத்தியது. 2018 டிசம்பரில் வெளியான தரவு நேர்மை வழிகாட்டுதல் மேலும் ஒருபடி சென்றது. கோப்புகளையும் அமைப்புகளையும் மாற்றும் அதிகாரம் கொண்ட கணினி நிர்வாகி, பதிவின் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பானவர்களிடமிருந்து தனித்தவராக இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதாவது, சோதனை செய்பவர் கையில் அழிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. ஆய்வகத்துக்கு வெளியே ஒருவர் வேண்டும். வளரும் மருந்து நிறுவனங்கள் கணினிப் பட்டதாரிகளைத் தேடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

என் மாணவருக்கு இதைச் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். "எங்கள் உப்பளத்திலும் அப்படித்தானே ஐயா! மூட்டை கட்டுகிறவரே கணக்கும் எழுதினால் கணக்கு என்னாவது?" என்றார். நிர்வாகவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் தத்துவம் இவ்வளவுதான்.

தகவல் பிரிவில் இருப்பவரின் நேர்மை எதைச் சாதிக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ரான்பாக்ஸி நிறுவனத்தில் 2003-இல் சேர்ந்த தினேஷ் தாக்கூர் வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரிந்தவர் அல்லர். ஆய்வுத் தகவல், திட்ட மேலாண்மைப் பிரிவின் தலைவர். நிறுவனம் பல நாடுகளில் சமர்ப்பித்த தரவுகளைச் சரிபார்க்குமாறு 2004-இல் மேலதிகாரி அவரைப் பணித்தார். தரவுகள் புனையப்பட்டிருந்ததை அவர் கண்டார். 2005-இல் பணியை விட்டு விலகி, அமெரிக்க அதிகாரிகளிடம் உண்மையைத் தெரிவித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2013 மே மாதம், ரான்பாக்ஸியின் அமெரிக்கப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டது; நிறுவனம் 50 கோடி டாலர் செலுத்த இசைந்தது. இந்திய மருந்துத் துறையின் மீது அன்று விழுந்த கறையைப் போக்க எத்தனையோ நேர்மையான நிறுவனங்கள் பாடுபட வேண்டியிருந்தது. தாக்கூர் உயர் பதவியில் இருந்தவர். வெளிநாட்டு அனுபவம் உள்ளவர். அவருக்கே வேலையை விட்ட பிறகுதான் பேச முடிந்தது. முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஓர் இளம்பெண்ணால் என்ன செய்ய முடியும்?

பதிவை உள்ளிருந்து திருத்துவது ஒரு ஆபத்து என்றால், வெளியிலிருந்து பூட்டிவிடுவது மற்றொன்று. 2020 அக்டோபரில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகித் தன் தரவு மையங்களைத் தனிமைப்படுத்த வேண்டிவந்தது. அடுத்த மாதமே லூபின் பாதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் நாட்டின் மிகப் பெரிய மருந்து நிறுவனமான சன் ஃபார்மா தாக்குதலுக்கு உள்ளானது. 2017 ஜூனில் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தின் கணினிகள் முடங்கியபோது உற்பத்தி தடைப்பட்டு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசிக்காக அந்நாட்டு அரசின் கையிருப்பிலிருந்து கடன் வாங்கும் நிலை ஏற்பட்டது. இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. பெரிய நிறுவனங்களில் இதற்கென ஒரு படையே இருக்கும். வளர்ந்துவரும் நிறுவனத்தில் இந்த ஆணையை நிறைவேற்ற இருப்பவர் பெரும்பாலும் அதே பட்டதாரிதான்.

'இதெல்லாம் ஏற்றுமதிக்காரர்களின் கவலை. உள்நாட்டு மருந்துக்கு எதற்கு?' என்று யாரும் இனிக் கேட்க முடியாது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கண்டறிந்தது. அந்த ஆலையில் 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பட்டியலிடப்பட்டன, உரிமம் ரத்தாயிற்று. அங்கே கணினி இல்லாததால் குழந்தைகள் இறந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மூலப்பொருளைச் சோதிக்காமல் பயன்படுத்தியதுதான் குற்றம். ஆனால், மூலப்பொருளின் சோதனை முடிவு பதிவாகாதவரை உற்பத்தியின் அடுத்த படி திறக்காது என்று அமைக்கப்பட்ட ஒரு முறைமை, சோம்பலையும் பேராசையையும் வாசலிலேயே நிறுத்தக்கூடியது. அந்தப் பூட்டைப் போடுபவரும், 'இந்த ஒருமுறை மட்டும் திறந்துவிடுங்கள்' என்ற உத்தரவை எதிர்கொள்பவரும் ஒருவரே.

நம் சட்டங்களும் இந்தத் திசையில்தான் செல்கின்றன. அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூ.ஆர். குறியீடு அல்லது பட்டைக் குறியீடு கட்டாயமானது. அதே ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தப்பட்ட 'எம்' அட்டவணை, கணினி முறைமைகளின் சரிபார்ப்பையும் நல்ல உற்பத்தி நெறிகளுக்குள் கொண்டுவந்தது. சிறு நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. விதி வந்துவிட்டது. விதியைக் காக்கப்போகும் மனிதரைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த மனிதரின் நிலை என்ன? தொழில் பழகுநர் விதிகளில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாயை நிர்ணயித்தது. பழகுநராகச் சேர்ந்து, ஒப்பந்தப் பணியாளராக மாறி, ஆண்டுதோறும் நீட்டிப்புக்குக் காத்திருப்பவர்களை நான் நன்கு அறிவேன். அவர்களின் மதிப்பீட்டறிக்கையை எழுதுபவர் பெரும்பாலும் உற்பத்திப் பிரிவின் மேலாளர். சரக்கு மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும் என்பதே அவருடைய இலக்கு. அவர் கேட்கும் கடவுச்சொல்லை மறுக்கும் துணிவை ஓர் ஒப்பந்தப் பணியாளரிடம் எதிர்பார்ப்பது நியாயமா? காகிதத்தில் அவர் சுதந்திரமானவர். சம்பளச் சீட்டிலோ அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

ஆடம் ஸ்மித் 1776-லேயே இதைக் கவனித்திருக்கிறார். தொழிலுக்குத் தொழில் கூலி ஏன் வேறுபடுகிறது என்பதற்கு அவர் கூறிய ஐந்து காரணங்களில் ஒன்று, அந்தப் பணியாளரிடம் ஒப்படைக்கப்படும் நம்பிக்கையின் அளவு. விலையுயர்ந்த பொருளைக் கையாளும் பொற்கொல்லருக்கும், நம் உடல்நலத்தை ஒப்படைக்கும் மருத்துவருக்கும் கூடுதல் ஊதியம் தருவது அந்த நம்பிக்கையின் கனத்துக்காகத்தான் என்றார். 2024-25-இல் இந்திய மருந்து ஏற்றுமதி 3,000 கோடி டாலரைக் கடந்தது. அவ்வளவு பெரிய நம்பிக்கையின் ஒரு சாவியை மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு, எந்தப் பாதுகாப்பும் இல்லாத கைகளில் ஒப்படைப்பது சிக்கனமன்று. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது.

சிறு நிறுவனங்களால் இதைத் தாங்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. நாட்டில் சுமார் 10,500 மருந்து உற்பத்தி நிலையங்கள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 8,500 குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்றும் மத்திய அரசு 2023-இல் தெரிவித்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே நிபுணர் குழுவை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பல மூடப்படும். மலிவு விலை மருந்துகள் சந்தையிலிருந்து மறையும். அதுவும் ஏழை நோயாளியைத்தான் தாக்கும். எனவே, செலவைப் பகிர்ந்துகொள்ளும் வழிகளைத் தேட வேண்டும்.

அதற்கான வாய்ப்பு இந்தக் கடற்கரைக்கு அருகிலேயே இருக்கிறது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கூனிமேட்டிலிருந்து அன்றாடம் சென்றுவரக்கூடிய தொலைவுதான். சென்னைப் பெருநிறுவனங்களின் கிளைப் பணிகளுக்காக மட்டும் அங்கே காத்திருக்க வேண்டியதில்லை. சுற்றுவட்டார மருந்து ஆலைகள் கூட்டாகப் பங்களித்து, கணினி முறைமைச் சரிபார்ப்பு, காப்புநகல், இணையப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான பொது மையம் ஒன்றை அத்தகைய இடத்தில் நடத்தலாம். அங்கு பணிபுரியும் பட்டதாரிக்கு ஊதியம் தருவது எந்தத் தனி ஆலையும் அன்று. எனவே, எந்த ஆலையின் மேலாளரும் அவரை மிரட்ட முடியாது. செலவும் குறையும், சுதந்திரமும் கூடும்.

இரண்டாவது, கல்வி. திண்டிவனம், விழுப்புரம் அரசுக் கலைக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிப்பவர்கள் ஏராளம். மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிக்கிறோம். ஒரு பதிவு ஏன் நம்பத்தக்கது என்பதைக் கற்பிப்பதில்லை. எழுதியவர் யார் என்பது தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், நிகழும்போதே எழுதப்பட வேண்டும், மூலப்பதிவாக இருக்க வேண்டும், பிழையின்றி இருக்க வேண்டும் என்ற ஐந்து நெறிகளை மருந்துத் துறை உலகெங்கும் பின்பற்றுகிறது. இதை ஒரு பருவப் பாடமாகவோ, 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் குறுகியகாலப் பயிற்சியாகவோ சேர்க்கப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் நாட்டின் சராசரியைவிடத் தமிழ்நாடு வெகுதூரம் முன்னே நிற்கிறது. அந்தப் பட்டங்களுக்கு ஊருக்கு அருகிலேயே பொருளுள்ள வேலை இருக்கிறதா என்பதே இனி நம் முன்னுள்ள கேள்வி.

மூன்றாவதும் முக்கியமானதும் ஆய்வு முறை. மருந்து ஆய்வாளர் ஆலைக்குச் செல்லும்போது கருவிகளையும் ஆவணங்களையும் பார்க்கிறார். கூடவே ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும்: 'கணினியின் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? அவர் யாருக்குக் கீழ் பணிபுரிகிறார்? அவரை நீக்கும் அதிகாரம் யாருக்கு?' விடை உற்பத்தி மேலாளரைச் சுட்டினால் அதைக் குறைபாடாகப் பதிவு செய்ய வேண்டும். தரப் பிரிவுக்கோ இயக்குநர் குழுவுக்கோ நேரடியாகப் பதிலளிக்கும் நிரந்தரப் பணியாக அது மாற வேண்டும். தவறைச் சுட்டிக்காட்டும் ஊழியரைப் பழிவாங்குவது உரிமத்தையே பாதிக்கும் என்ற நிலை வர வேண்டும்.

என் மாணவரின் மகளுக்கும் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன், தான் யாருக்குக் கீழ் வேலை செய்யப்போகிறேன் என்று கேட்கச் சொன்னேன். எழுத்தில் இல்லாத எந்த உத்தரவின் பேரிலும் ஒரு பதிவைத் திறக்கவோ மாற்றவோ வேண்டாம் என்றேன். தன் கடவுச்சொல்லைத் தாயிடம்கூடச் சொல்லாத பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளச் சொன்னேன். அவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால், ஓர் இளம்பெண்ணின் தனிப்பட்ட மனவுறுதியின் மேல் ஒரு நாட்டின் மருந்துப் பாதுகாப்பைக் கட்டியெழுப்புவது நியாயமாகாது.

மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. அந்த உதவி தேவைப்படாத ஒரு தலைமுறை இக்கரையில் உருவாகி வருகிறது. அவர்களுக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது. அந்த வேலையில் 'முடியாது' என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கான பாதுகாப்பு, மருந்துப் புட்டியைத் திறந்து குழந்தையின் வாயில் ஊற்றும் ஒவ்வொரு தாய்க்குமான பாதுகாப்பு.